கல்வெட்டில் என் பக்கம்

என் மனுசன் செத்துப் பதினெட்டாம் நாள் மகன் கணினியைக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்துவிட்டு முன்னால் இருந்தான். நான் பயற்றங்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டு வெட்டி முடித்து, அடுத்த கட்டையும் வெட்டி முடித்த பிறகுதான் இரண்டு பேருக்கு இவ்வளவு எதற்கு என்று தெரிந்தது. அந்த நாட்களில் நான் அப்படித்தான் இருந்தேன். அழுகை வரவில்லை. பெட்டி மூடும்போதும் வரவில்லை. பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர்களுடைய ஜக்கெற்றில் மழை ஈரம் இருந்தது, அது என் கன்னத்தில் பட்டது. அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

மகன் கல்வெட்டுக்குப் படம் தேடுகிறான். கல்வெட்டு என்றால் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து சாப்பாடு போடும்போது, வந்தவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்போம். முகப்பில் படம். உள்ளே தேவாரம், அவருடைய வாழ்க்கை வரலாறு, பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். புலம்புகிறவர் ஒருவரும் அதை எழுதுவதில்லை. பாட்டுக் கட்டத் தெரிந்த ஒருவர் எல்லாருக்குமாக எழுதுவார். ஒஸ்லோவில் அதற்கு மோர்டென்ஸ்ருட்டில் ஒரு மாஸ்டர் இருக்கிறார். ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். இங்கே யார் செத்தாலும் அவர்தான் அழுவார்.

"அம்மா, அப்பா இங்கிலாந்திலை ஃபுட்போல் விளையாடின காலத்துப் படம் ஒண்டும் இல்லையோ?" என்று மகன் கேட்டான்.

இல்லை என்றேன்.

"அப்ப நான் அந்தக் கிளப்புக்கே எழுதிக் கேக்கிறன்."

நான் தடுத்திருக்கலாம். எழுது என்று சொல்லிவிட்டுப் பயற்றங்காயைக் கழுவினேன்.

அவர் இங்கிலாந்தில் இரண்டு வருடம் இருந்தவர். அங்கே ஒரு சின்னப் பட்டணத்தில் கோழித் தொழிற்சாலையில் வேலை. பிறகு நோர்வேயின் வடக்கே ஹம்மர்பெஸ்ட்டுக்கு மீன் வெட்ட வந்தார். நான் அவரைக் கட்டி ஹம்மர்பெஸ்ட்டுக்கு வந்து இறங்கியபோது, அங்கே இருந்த எங்கள் பொடியன்கள் என்னிடம் முதல் சொன்னதே, அண்ணை இங்கிலாந்திலே கிளப்புக்கு விளையாடினவர், உங்களுக்குத் தெரியுமோ என்றுதான். எனக்கு எப்படித் தெரியும். அவர் சிரித்துக்கொண்டு நின்றார். அந்தக் கதையை யார் தொடங்கினது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நோர்வேக்காரருக்கும் இங்கிலாந்துப் பந்தாட்டம் என்றால் விசர், பைத்தியம். தொழிற்சாலையில் அவருக்குத் தனி மரியாதை இருந்தது. பெரிய கிளப் இல்லை, லீக்கின் மேல் வகுப்பு ஒன்றிலும் இல்லை, கூலிக்கு விளையாடுகிற ஆட்களும் இல்லை, வேலை முடிந்து வந்து விளையாடுகிறவர்களின் கிளப் என்று அவர் சொல்வார். அப்படிக் குறைத்துச் சொல்லச் சொல்ல ஆட்கள் கூடுதலாக நம்பினார்கள்.

ஒஸ்லோவில் குரோருட்டுக்கு வந்த பிறகு எங்கள் ஆட்கள் ஒரு விளையாட்டுக் கழகம் தொடங்கினார்கள். அவரைத்தான் பயிற்சியாளராகப் போட்டார்கள். அப்போது இங்கே கிறவல் மைதானம். அவர் காலையிலேயே போய்த் தடி நட்டுக் கயிறு கட்டிச் சுண்ணாம்பால் கோடு போடுவார். இங்கிலாந்தில் விளையாடின மனுசன், ஒரு பெருமை இல்லாமல் கோடு போடுகிறார் பார் என்று ஆட்கள் சொன்னார்கள். பிறகு நகரசபை செயற்கைப் புல் போட்டது. அதில் கோடு புல்லோடு சேர்ந்தே வரும். அதன் பிறகு அவர் காலையில் போவதில்லை.

நானும் அந்தக் கதையில் நிமிர்ந்து நடந்தவள்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஒஸ்லோவில் கல்யாண வீடுகளில் படித்த பெண்கள் ஒரு பக்கமாக இருந்து கதைப்பார்கள். என்னைக் கண்டால் கதிரையை நகர்த்தி இடம் தருவார்கள். விளையாட்டுக்காரரின் மனுசி. அந்தக் கதிரையில் நான் வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் இங்கிலாந்து மேட்ச் ஓடும். கழகத் தலைவர் வருவார். அவரும் இவரும் ஹம்மர்பெஸ்ட்டில் ஒரே அறையில் இருந்தவர்கள். என்னைவிட ஒரு வயது மூத்தவர், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் ரோல்ஸ் பொரிப்பேன். தலைவர் பந்தைப் பார்த்துக் கத்துவார். இவர் கத்தமாட்டார். இடைக்கிடை, புல்லைச் சரியாக வெட்டவில்லை, மூலைக் கோடு அழிந்துபோய்க் கிடக்கிறது என்பார். விளையாடினவனுக்குத்தான் அது தெரியும் என்று தலைவர் எனக்குச் சொல்வார்.

எனக்கு உண்மை தெரிந்தது இப்படி. பல வருடத்துக்கு முன் லண்டனில் என் தங்கச்சியின் மகளுக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு அடுத்த நாள், வாரும் ஓரிடத்துக்குப் போவோம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினார். அவர் கோட் சூட், நான் பட்டுச் சேலைக்கு மேலே குளிர் ஜக்கெற். இறங்கின இடத்தில் எல்லாம் சிவப்புச் செங்கல் வீடுகள். கொஞ்சத் தூரம் நடந்தால் ஒரு தாழ்ந்த வேலி, அதற்குள் ஒரு மைதானம். ஒரு பக்கம் தகரக் கூரை, ஒரு மூலையில் தேத்தண்ணிக் கொட்டில். வாசலில் நின்ற தொப்பிக் கிழவர் இவரைக் கண்டதும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கொட்டிலுக்குள் இருந்த வெள்ளைத் தலைப் பெண் வெளியே ஓடி வந்தாள்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பந்து விளையாடினவனைப் பழைய ஆட்கள் கண்டால் காலைத் தூக்கிக் காட்டுவார்கள், இப்படி அடித்தாய், அப்படி விழுந்தாய் என்று. ஊரிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். அங்கே ஒருவரும் காலைத் தூக்கவில்லை. கிழவர் ஒரு கொட்டிலைத் திறந்து, சில்லு வைத்த இரும்பு வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். வெள்ளை மை ஊற்றினார்கள். இவர் கோட்டைக் கழற்றி என்னிடம் தந்து, காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, கயிறு கேட்டார். கிழவர் ஒரு தடியில் சுற்றின கயிற்றைக் கொடுத்தார். அது இவருடைய பழைய கயிறாக இருக்கவேண்டும், சிரித்தார்கள். ஒரு முனையில் இருந்து மறு முனை வரை ஒரு கோடு போட்டார். இடையில் ஒருக்காலும் தலை நிமிரவில்லை. எங்கள் ஊரில் புகையிலைக் கன்று நடும்போது கயிறு பிடிப்பார்களே, அப்படி. பெண் எனக்குத் தேத்தண்ணி தந்தாள். பால் அதிகம். குடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது ரயிலில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவருடைய சப்பாத்தில் வெள்ளை மை காய்ந்திருந்தது.

"இஞ்சை கண்டதை அங்கை கதைக்க வேண்டாம்" என்றார்.

"ஓம்" என்றேன்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு சொல் கதைக்கவில்லை. மகனுக்கும் சொல்லவில்லை. சப்பாத்தை மட்டும் நான் ஈரத் துணியால் துடைத்தேன்.

இருபத்திரண்டாம் நாள் கிளப்பில் இருந்து மறுமொழி வந்தது. மகன் முதலில் தனக்குள் வாசித்தான். வாசிக்க வாசிக்க அவனுடைய காது சிவந்தது. அவன் சின்னனிலும் அப்படித்தான். எனக்கும் வாசி என்றேன். கணினியைத் தன் பக்கம் திருப்பினான். வாசி என்று திரும்பச் சொன்னேன்.

அந்தக் கிளப்பும் தங்களுடைய வரலாற்றை எழுதுகிறார்களாம். சம்பளம் இல்லாத செயலாளர் ஒருவர் எழுதுகிறார். அதில் சில பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். மகன் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான்.

செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள் தொடங்கின கிளப் அது. களிமண் தோண்டின பள்ளத்தைத் தாங்களே மூடி மைதானம் ஆக்கினார்கள். அதனால் ஒரு மூலை எப்போதும் தாழ்ந்துதான் இருக்கும், மழை பெய்தால் அங்கே தண்ணி நிற்கும். தகரக் கூரை பழைய பஸ் கொட்டிலில் இருந்து கழற்றி வந்தது. ஒருமுறை நெருப்புப் பிடித்து, அந்தத் தகரத்தையே நிமிர்த்தித் திரும்பப் போட்டார்கள். ஒரே ஒரு முறை மேல் வகுப்புக்கு ஏறினார்கள். அடுத்த வருடமே இறங்கிவிட்டார்கள். சூளை மூடினபோது கிளப்பும் மூடுகிற நிலை வந்தது. பெண்கள் கேக் விற்றுக் காப்பாற்றினார்கள். அந்தப் பெண்களின் பெயர் எல்லாம் எழுதியிருக்கிறது என்று மகன் சொன்னான். தேத்தண்ணி ஊற்றினவள், உடுப்புத் தோய்த்தவள், வாசலில் நின்றவர், எல்லாருக்கும் ஒவ்வொரு பந்தி.

அதற்குள் இவருக்கும் ஒரு பந்தி இருந்தது, செயலாளர் எழுதினபடியே மகன் சொன்னான். தாழ்ந்த மூலையால் எங்கள் கோடு எப்போதும் கோணலாகத்தான் வரும், நடுவர்கள் முறைப்பாடு எழுதுவார்கள். இலங்கையில் இருந்து ஒரு இளைஞர் வந்தார். இரண்டு தடியும் ஒரு கயிறும் கொண்டு வந்தார். அவர் இருந்த இரண்டு வருடமும் முறைப்பாடு இல்லை. மை காயும்வரை ஒருவரையும் மிதிக்க விடமாட்டார். ஒருநாள் எங்களுக்குப் பத்துப் பேர்தான் இருந்தார்கள். பதினோராவது சட்டையை அவரிடம் நீட்டினோம். சிரித்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மகன் அந்த இடத்தில் நிறுத்தினான். ஒரு படமும் இருந்தது. இரும்பு வண்டியின் பிடியில் கை வைத்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மெல்லிய மனுசன். நான் கட்டுவதற்கு முந்தின ஆள்.

"அம்மா, உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"இதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. ஃபிளௌட்டா இருக்கும்."

வெட்கக்கேடு என்பதற்கு நோர்வேக்காரர் சொல்லும் சொல். என் மகனுக்கு வெட்கம் வந்தால் தமிழ் போய்விடும். அவன் கணினியை மூடினான். நான் அந்தச் சட்டையை யோசித்துக்கொண்டிருந்தேன். வாங்கிப் போட்டிருந்தால் பத்து நிமிடமாவது விளையாடியிருப்பார். பிறகு அவர் சொன்னது பொய்யாக இருந்திருக்காது. ஏன் வாங்கவில்லை என்று கேட்க இப்போது ஆள் இல்லை. அப்படி யோசித்தபோதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. பல்லுக் கொதிக்கு ஊசி போட்ட பிறகு நாக்கால் தொட்டுப் பார்ப்பதைப் போல இருந்தது.

இரண்டு நாள் கழித்து மாஸ்டர் எழுதி முடித்த பக்கங்கள் வந்தன. தலைவரும் வந்தார், மகன் அவருக்கு முன்னால் சத்தமாக வாசித்தான். வாழ்க்கை வரலாற்றில் இங்கிலாந்துக் கழகத்தின் முன்னணி வீரர் என்று இருந்தது. தலைவர் ஓம் ஓம் என்று தலையாட்டினார். அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மக்கள் புலம்பலிலும் இருந்தது. அதையும் கேட்டேன். பிறகு மனைவி புலம்பல் வந்தது.

ஆங்கிலரும் வியந்து நின்ற ஆட்டத்தின் நாயகனே
அடியாளைத் தவிக்கவிட்டு ஆட எங்கு சென்றீரோ

அதைக் கேட்டபோது என் காது சூடாகியது. அவர் சொன்னதற்காக நான் எவ்வளவு காலம் வாய் மூடி இருந்தேன். வாய் மூடி இருப்பது ஒன்று. என் பெயரைப் போட்டு, என் வாயால், அச்சில், நானே அதைச் சொல்வது வேறு. நான் ஒருநாளும் சொன்னதில்லை. கதிரை தந்தார்கள், இருந்தேன். ஆனால் என் வாயால் அவர் விளையாடினவர் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. அதை அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.

முப்பத்தொன்று கழியாமல் புருசனை இழந்தவள் வெளிக்கிடக் கூடாது என்பார்கள். அடுத்த நாள் பகல் நான் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு ரி-பானாவில், நிலக்கீழ் ரயிலில், ஏறினேன். நகரத்துக்குள் இறங்கி மாறி, மோர்டென்ஸ்ருட்டில் கடைசித் தரிப்பில் இறங்கினேன். பாதை எல்லாம் பனியில் வழுக்காமல் போட்ட சின்னக் கல்லு. வழியில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பினார்கள். திருப்பட்டும்.

மாஸ்டர் என்னைக் கண்டு பயந்துபோனார். இருக்கச் சொல்லவும் தெரியவில்லை, போகச் சொல்லவும் தெரியவில்லை. நான் வாசல் விறாந்தையிலேயே நின்று, என் பக்கத்தை மாற்ற வேண்டும் என்றேன்.

"தங்கச்சி, கல்வெட்டு எண்டால் அப்பிடித்தான். அதிலை ஆரும் உண்மை தேடுறேல்லை."

"மற்றப் பக்கங்களிலை நீங்கள் விரும்பினதை எழுதுங்கோ மாஸ்டர். என்ரை வாயிலை வைக்க வேண்டாம்."

"அப்ப உமக்கு என்ன எழுதிறது?"

நான் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதினார். நாலு வரி. பாட்டாக வரவில்லை. எதுகை இல்லை என்றார். இல்லாவிட்டால் போகட்டும் என்றேன். எழுதினதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"இதிலை அழுகிற மாதிரி ஒரு சொல்லும் இல்லையே, பிள்ளை."

"நான் இன்னும் அழேல்லை, மாஸ்டர்."

 நான் வெளியே வரும்போது மாஸ்டர் என் சப்பாத்துக்களை எனக்கு நேராகத் திருப்பி வைத்தார்.

பக்கத்தை மாற்றினதற்கு மகன் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அப்பா கேட்டுக்கொண்டதைச் செய்யாமல் விட்டேன் என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை. அது எனக்கும் அவருக்கும் உள்ளது. கதைக்க வேண்டாம் என்று அவர் கேட்டார், அவர் இருக்கும்வரை கதைக்கவில்லை. அதற்கு மேலே என்னால் ஏலாது. மூன்றாம் நாள் மகன் அந்தப் படத்தைப் பெரிதாக்கி என் பக்கத்துக்கு மேலே வைத்துக் கொண்டுவந்து காட்டினான். நான் அதைக் கேட்கவில்லை, அவனாகத்தான் வைத்தான்.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. ஐயர் கிரியை முடித்து, கல்வெட்டு வாசிக்கும் நேரம் வந்தது. மாஸ்டர் தான் எழுதியதை இராகத்தோடு பாடினார். முன்னணி வீரர் என்று வந்த இடத்தில் ஆட்கள் தலையாட்டினார்கள். என் பக்கம் வந்தபோது இராகத்தை நிறுத்திவிட்டு வாசித்தார்.

இவர் இங்கிலாந்தில் ஒரு சின்னக் கழகத்தின் மைதானத்துக்குக் கோடு போட்டவர்.
கயிறு பிடித்துப் போட்டவர்.
நான் போய்ப் பார்த்தேன்.
கோடு நேராக இருந்தது.

 பக்கம் புரட்டுகிற சத்தம் எல்லாப் பக்கமும் கேட்டது. படத்தைப் பார்க்கிறார்கள். படித்த பெண்கள் இருந்த வரிசையில் ஒருத்தி மற்றவளின் காதுக்குள் ஏதோ சொன்னாள். நான் முன்னால் நிலத்தில் இருந்தேன், நிமிர்ந்துதான் இருந்தேன்.

தலைவர் எழும்பினார். மெதுவாக என்னிடம் வந்து குனிந்தார்.

"நாப்பது வருசமா நான் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனான், அக்கா. என்னை விசரனாக்கிப் போட்டியள்."

 அவர் சாப்பிடாமல் போனார். அந்தியேட்டிச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போவது என்றால் எங்கள் ஆட்களில் அது சின்ன விஷயம் இல்லை. சொந்தக்காரர் பகைத்தாலும் அந்த இலையில் கை நனைத்துவிட்டுத்தான் போவார்கள். அவருக்குப் போட்ட இலையை மகன் மடித்தான். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. 

பிறகு வந்த சனிக்கிழமை நான் தொலைக்காட்சியைப் போடவில்லை. மேட்ச் தொடங்குகிற நேரத்தில் மணி அடித்தது. திறந்தால் தலைவர். கையில் ஒரு பெட்டி ரோல்ஸ், கடையில் வாங்கினது. அவர் ஒருநாளும் எங்கள் வீட்டுக்கு ஒன்றும் கொண்டுவந்ததில்லை. உள்ளே வந்து தன்னுடைய இடத்தில் இருந்தார். இவருடைய கதிரையைப் பார்க்கவில்லை. தானே தொலைக்காட்சியைப் போட்டார். நான் ரோல்ஸைத் தட்டில் அடுக்கிக்கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்தக் கதிரையில் இருந்தேன். அதில் இருந்து பார்க்கும்போது திரையில் மைதானம் வேறு விதமாகத் தெரிந்தது, ஜன்னல் வெளிச்சம் விழாமல்.

 தலைவர் கத்தவில்லை. ஒரு கோல் விழுந்தது, அதற்கும் சும்மா இருந்தார். பிறகு திரையைப் பார்த்தபடி சொன்னார்.

"இண்டைக்குக் கோடு போட்டவன் சரியில்லை, அக்கா. அந்த மூலையைப் பாருங்கோ, கோணல்."

எனக்காகத்தான் சொல்கிறார் என்று தெரிந்தது. நான் எழும்பிக் கிட்டப் போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மூலையில் இருந்து நடு வரைக்கும் பார்த்தேன்.

"நேராத்தான் கிடக்கு" என்றேன்.

"ஓமோ?"

"ஓம்."

அவர் ஒரு ரோல்ஸை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார். நான் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். இரண்டு கோப்பை எடுத்தேன்.